பழைய சிங்கர் தையல் மெஷினின் வயது

பழைய சிங்கர் மெஷினின் வயதைச் சொல்வது அதன் அடித்தட்டில் பொறித்த வரிசை எண்தான். சுழிவேலைத் தங்கப்பூவோ மரப்பெட்டியோ அல்ல. அவற்றைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம். நகரும் தகட்டிலுள்ள காப்புரிமைத் தேதிகளையும் பலர் தயாரிப்பு ஆண்டென்று நம்பிவிடுகிறார்கள். மெஷின் அவற்றுக்கு முற்பட்டதல்ல என்பதை மட்டுமே அவை காட்டும்.

எண்ணுக்கு முன் எழுத்து இல்லையென்றால் மெஷின் பெரும்பாலும் 1900க்கு முந்தையது. பிறகு ஓர் எழுத்து, அடுத்து இரண்டு எழுத்துகள் வந்தன. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை ‘ஒய்’ வரிசைக்குப்பின் ‘இஏ’, ‘இபி’ என்று தொடர்ந்தது. எண்களை ஆலைக்கு மொத்தமாக ஒதுக்கியதால், வரிசை எண் பட்டியல் தரும் தேதி, எண்ணை ஒதுக்கிய நாளே. மெஷின் சில மாதங்கள் பின்தங்கியும் பிறந்திருக்கலாம். சில மெஷின்களில் காணும் 1851–1951 என்ற நீலவிளிம்பு முத்திரை நிறுவனத்தின் நூற்றாண்டு நினைவு.

வயதை எண் சொன்னாலும் மாடலைக் காட்டுவது பாபின்தான். நீண்ட ஒல்லியான பாபினும் தோட்டா போன்ற ஷட்டிலும் இருந்தால் 27, 28, 127, 128 வகைகளில் ஒன்று. ஊசிக்கு இடப்பக்கம் செங்குத்தாக மாட்டும் வட்ட பாபின் 15ஆம் வகையைக் காட்டும். மேலிருந்து படுக்கையாக இறக்குவது 66. அதையே சிறிதாக்கினால் 99.