பரண் ஒழிப்பும் பழைய கிதாபுகளும்

ரமளான் நெருங்குங்கால் வீட்டை ஒழித்து வெள்ளையடிப்பது நம் ஊர்களின் வழக்கம். தேவைக்கு மேல் பொருள் சேர்ப்பதை மார்க்கம் விரும்புவதில்லை. கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவதோ ஷைத்தானுக்கு என்னும் கருத்தமைந்த நபிமொழியை ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். ஆகவே ஒழிப்பது நன்றே. எதை ஒழிப்பது என்பதிலேதான் பிழை நேர்கிறது.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய துறைமுகம் அது. அவ்வூர்த் துணியின் பெயரால் மலாய் மக்கள் கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்றே வழங்குகின்றனர். கடல் வணிகம் நடந்த இத்தகைய ஊரின் பழங்குடும்பங்களில், பரணில் கிடக்கும் தகரப்பெட்டியைக் குப்பை என எண்ணிவிடலாகாது. விற்கிரயப் பத்திரம், வணிகக் கடிதம், மருத்துவக் குறிப்பு, பெண்கள் ஓதிய கிதாபு என எதுவும் அதில் இருக்கலாம்.

இவற்றுள் பெரிதும் இடருக்குள்ளாவன அரபுத்தமிழ் ஏடுகள். தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் இம்முறையில்தான் நம் பாட்டிமார் மார்க்கம் பயின்றனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மகானீ’ இவ்வகைக்குச் சிறந்த சான்று. இன்றைய பிள்ளைகள் இதனைப் படிக்க அறியார். சிலர் எடைக்குப் போடுகின்றனர். பயபக்தி உடையோரோ குர்ஆன் ஏடு என்று கருதி முத்தமிட்டுப் புதைத்துவிடுகின்றனர். இரண்டாமவரின் தவறே நமக்கு மிகுந்த வருத்தம் தருவது.

பிரித்தறிவது அரிதன்று. அரபியிலுள்ள ‘தால்’ எழுத்தின் கீழே ஒரு புள்ளி காணப்படின் அது தமிழின் டகரம்; அரபியில் அவ்வெழுத்து இல்லை. ஒரு பக்கத்தில் அத்தகைய எழுத்து இரண்டு தென்பட்டாலே அது அரபுத்தமிழ் எனக் கொள்ளலாம். ஐயம் எழுமாயின் ஊர் ஆலிமிடம் காட்டுவது முறை.

உண்மையிலேயே சிதைந்த குர்ஆன் ஏடுகளாயின், தூய துணியில் சுற்றிக் கால் படாத இடத்தில் புதைப்பதை ஹனஃபி ஃபுகஹாக்கள் சிறப்பிப்பர். உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகளை எரிக்கச் செய்த செய்தி புகாரியில் உள்ளமையால் எரித்தலையும் பலர் அனுமதிப்பர். ஏரியில் இடுவது மட்டும் பழவேற்காட்டுக்குப் பொருந்தாது. ஆழமற்ற அவ்வேரியில் இட்டது மறுநாளே வலையில் ஏறி வரக்கூடும்.

காக்க வேண்டியவற்றைத் தரையில் வைத்தல் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைவெள்ளம் திருவள்ளூர் மாவட்டத்தில் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். உப்புக்காற்றில் தகரம் துருவேறித் தாளையும் கறைப்படுத்தும். அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டியோ காற்றுப் புகுவதால் பூஞ்சணத்துக்கு அத்துணை இடம் தருவதில்லை. ஏட்டை நிழலில் உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஒரு துண்டு வசம்புடன் பெட்டியிலிட்டு, வெளிச்சுவரை ஒட்டாத பலகை மீது வைக்கலாம். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நன்று. யாருடைய ஏடு, எவ்வீட்டில் கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைப்பதும் இன்றியமையாதது; நாம் கண்ட பல ஏடுகளில் இக்குறிப்பே இல்லை.

நம் தாயார் மறைந்த ஆண்டில் நாம் வெளியூரில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டை ஒழித்த உறவினர்கள் அன்னாரின் கிதாபுக் கட்டைக் குர்ஆன் ஏடுகள் என்றெண்ணிக் கண்ணியத்தோடு அடக்கினர். அவற்றுள் ஒன்று, பிள்ளைப்பேற்று மருந்துகளைப் பாட்டியார் தம் கையால் எழுதிவைத்த அரபுத்தமிழ்க் குறிப்பேடு. மையவாடியின் மேற்கு மதிலோரம் அந்த இடத்தை இப்போதும் காட்டுகின்றனர்.