மோரிப்பில் கிழங்கான் தேடி

சென்ற மாதம் காலை நிகழ்ச்சியில், "ஈக்கான் பூலுஸ் என்றால் நம்ம நெத்திலிதான்" என்று துணிந்து சொல்லிவிட்டேன். அடுத்த அழைப்பிலேயே பந்திங்கிலிருந்து ஒரு பாட்டி பிடித்துக்கொண்டார். "தம்பி, நெத்திலிக்கும் கிழங்கானுக்கும் வித்தியாசம் தெரியாமலா ரேடியோவில் பேசுறீங்க?"

அம்பாங்கில் வளர்ந்தவனுக்குக் கடல் ஏது? அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். அடுத்த ஞாயிறு விடியுமுன், என் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு மோரிப்புக்குப் புறப்பட்டோம். ஒன்றரை மணி நேரப் பயணம்.

மோரிப் கடல் சினிமாவில் வரும் நீலம் அல்ல, பழுப்பு. நீர் வற்றினால் கடல் எங்கோ போய்விடும். திரும்ப ஏறும்போது, அலை மடங்கும் ஆழமில்லாத இடத்துக்குப் புழுவும் சிறு இறாலும் தேடிக் கிழங்கான் வரும். மிரண்டால் மணலுக்குள் புதைந்துகொள்ளும்.

நான் பலம் கொண்டமட்டும் வீசினேன். "மீன் காலடியில இருக்கு, நீ சுமத்ராவுக்கு வீசுற" என்றார் அப்பா. ஒரு ஈயக்குண்டு, இரண்டு சின்னத் தூண்டில் முள், உம்பூன் புழுவில் ஒரு துண்டு. அவ்வளவுதான். மீனின் வாய் சிறியது. பெரிய முள் உதவாது. டிக் டிக் என்று தட்டும்போது வெடுக்கென இழுக்காமல் மெல்லச் சுற்ற வேண்டும்.

கையில் வந்ததும் பாட்டியின் கோபம் நியாயம் என்று தெரிந்தது. ஒரு சாண் நீளம், உருண்டு ஒல்லியான வெள்ளி உடம்பு, கூம்பு மூக்கு. முதுகில் இரண்டு துடுப்பு: முன்னது குட்டை, பின்னது நீளம். நெத்திலிக்கு ஒரே துடுப்புதான். வாயும் கண்ணைத் தாண்டிக் கிழிந்திருக்கும். மடவைக் குஞ்சுக்கும் இரண்டு துடுப்பு உண்டு, ஆனால் தலை தட்டையாக, மூக்கு மழுங்கி இருக்கும்.

"தாத்தா, பந்து மீன்!"

மகளின் தூண்டிலில் ஒரு குட்டி மீன் வயிற்றை ஊதிக்கொண்டு தொங்கியது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று குதித்தாள். அப்பாவின் முகம் மாறிவிட்டது. புந்தால்! நம் பேத்தை மீன். வாயில் கிளி அலகு போன்ற பல். இதன் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது, மாற்றுமருந்தும் கிடையாது. 2023 மார்ச்சில் ஜொகூரில் இதைச் சமைத்துச் சாப்பிட்ட வயதான தம்பதி இறந்துபோனார்கள். அப்பா துணியால் பிடித்து முள்ளைக் கழற்றி நீரில் விட்டார். மகள் பந்திங் வரை அழுதாள்.

ஐந்து கிழங்கான் கிடைத்தது. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவிப் பொரித்தோம். தட்டில் வைத்ததும் மகள் ஒவ்வொன்றின் வாயையும் பார்த்தாள். "அலகு இல்ல" என்ற பிறகுதான் சாப்பிட்டாள்.

திங்கள் காலை வானொலியில் தவற்றைத் திருத்திச் சொன்னேன். பாட்டி மறுபடி அழைத்தார்.

"குழம்பா, பொரியலா?" என்று மட்டும் கேட்டார்.