நானும் ஒரு கவர்னர்!

"அம்மா, நான் கவர்னராகிவிட்டேன்!" என்று லண்டனிலிருந்து டெலிபோனில் சொன்னதும், கும்பகோணத்தில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "கிண்டியிலேயாடி?" என்று கேட்டாள் அம்மா.

அம்மாவிடம் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்க்கும் குழுவின் அங்கத்தினர்களுக்குக் கவர்னர் என்று பெயர். மாளிகை கிடையாது, சம்பளமும் கிடையாது. என் பெண் படித்ததுபோல் உள்ளூர் கவுன்சிலைச் சேர்ந்த பள்ளியானால், குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ், ஊழியர்கள் சார்பில் ஒருவர், கவுன்சில் சார்பில் ஒருவர் என்று போகும் அந்தப் பட்டியலில், பெற்றோர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 2 பேராவது இருந்தாக வேண்டும். பதவிக் காலம் பொதுவாக 4 வருஷம்.

இந்த நாற்காலி பெற்றோருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பு பல ஊர்களில் ஏகப்பட்ட பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே குழுதான். 1970களின் நடுவில் லண்டன் இஸ்லிங்டனில், வில்லியம் டிண்டேல் என்ற பள்ளியில் பாடம் நடத்தும் முறை பற்றிப் பெரிய தகராறு மூண்டது. பல பெற்றோர்கள் குழந்தைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். விசாரணை நடந்து 1976-ல் அறிக்கை வந்தது. அடுத்த வருஷம் டெய்லர் கமிட்டி, ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் குழு வேண்டும், அதில் பெற்றோருக்கும் இடம் வேண்டும் என்றது. 1980-ல் வந்த சட்டம் பெற்றோர் கவர்னர்களைக் கட்டாயமாக்கியது. 1988 சட்டத்துக்குப் பிறகு பள்ளிப் பணத்தைச் செலவிடும் பொறுப்பும் குழுவிடம் வந்தது. பொறுப்பு வந்தால் தலைவலியும் கூடவே வராதா?

நான் நின்றது 2014-ல். பெண்ணின் பையில் கசங்கிக் கிடந்த நோட்டீஸைப் படித்துவிட்டு என்னவர்தான், "வீட்டிலே இத்தனை கேள்வி கேட்கிறாயே, அங்கே போய்க் கேளேன்" என்றார். போனேன். ஆனால் முதல் மூன்று மீட்டிங்கிலும் நான் வாய் திறந்தது டீ குடிக்க மட்டும்தான்! தலையணை உயரத்துக்குக் காகிதங்கள். பக்கத்தில் பாங்க் மானேஜர் ஒருவர், எதிரே ரிடையரான எஞ்சினியர். என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயம். ஒருவரும் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கவர்னர் வேலை, மாமியார் சமையற்கட்டுக்குள் நுழையாமல் மாதக் கணக்கை மட்டும் கேட்பது மாதிரி. எந்த டீச்சர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று வகுப்பில் போய் எட்டிப் பார்த்து அதிகாரம் பண்ணக் கூடாது. அது ஹெட்மிஸ்ட்ரஸின் ராஜ்யம். எந்தக் குழந்தைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள், ஏன், அதற்கு என்ன செய்கிறீர்கள், பணம் எங்கே போகிறது என்று அவரிடம் விடாமல் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் பையனுக்குப் பேச்சு திக்கும், வாசிப்பும் மெதுவாகத்தான் வரும். வகுப்பில் உதவி ஆசிரியை ஒருவர் அவனுடன் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். 2017-ல், உதவி ஆசிரியைகளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பள்ளி வாசலில் வதந்தி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்கள்தானே கவர்னர்? எங்களுக்காக ஒருக்கா கதையுங்கோவன்" என்றாள்.

இங்கேதான் சிக்கல். பெற்றோர் ஓட்டில் வந்திருந்தாலும், அவர்கள் சொன்னபடி கை தூக்கும் தபால்காரி அல்ல நான். எல்லாக் குழந்தைகளையும் மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு பிள்ளையைப் பற்றிய குறையை முதலில் டீச்சரிடமும், பிறகு ஹெட்மிஸ்ட்ரஸிடமும்தான் கொண்டு போக வேண்டும். ஊழியர் வேலை பற்றி மீட்டிங்கில் பேசியதை வெளியே மூச்சு விடக் கூடாது. இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது எனக்கே காதுக்கு ஆறுதலாக இல்லை.

வதந்தி நிஜம்தான். பள்ளிக்குப் பணம் பெரும்பாலும் குழந்தைகளின் தலைக்கு இத்தனை என்று வரும். அந்த வருஷம் சேர்க்கை குறைந்துவிட்டது. செலவில் பெரும்பகுதி சம்பளம். மூன்று உதவி ஆசிரியைகளில் ஒருவரை நிறுத்துவது என்று யோசனை வைத்தார்கள். நான் முதல் தடவையாகக் குரல் நடுங்கக் கேட்டேன்: "இவர்கள் எத்தனை குழந்தைகளுக்கு உதவுகிறார்கள்? நிறுத்தினால் அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஏற்பாடு?" காகிதக் கட்டில் அதற்குப் பதில் இல்லை. விவரத்தோடு மறுபடி கூடுவோம் என்று முடிவாயிற்று.

இரண்டு வாரம் கழித்து, ஹாலின் தரையை மாற்றும் வேலையைத் தள்ளிப்போட்டார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் மத்தியான நேரம் வெட்டு, காலையில் மட்டும் வேலை. வாசிப்புப் பாடம் காலையில்தான் என்பதால் அதற்கு நானும் கை தூக்கினேன். சம்பளம் பாதியான அந்த மூன்று பெண்களின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வேறு வழி இருந்திருக்குமோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வதுண்டு.

மத்தியானம் பையன் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கேள்விப்பட்ட அவன் அம்மா, இரண்டு மாதம் பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டும் காணாத மாதிரி நின்றாள். உள்ளே நடந்ததை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சமாதானமாகியிருப்பாள். சொல்லக் கூடாதே!

2018-ல் என் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலம் காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அவள்தான், கையில் அந்த நோட்டீஸோடு. உள்ளே வந்து உட்கார்ந்து, "அக்கா, நான் நிண்டால் சரியாய் இருக்குமோ? என்னைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கினம். என்ன எழுதுறது?" என்றாள்.

காபி போட்டேன். ராத்திரி பத்து மணி வரை இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினோம்.