சப்பாணி விட்ட அறை

நவராத்திரி வந்தால் திருகோணமலைப் பாடசாலைகளில் வாணி விழா களைகட்டும். பேச்சும் நடனமும் முடிந்து நகைச்சுவை நாடகம் தொடங்கும்போதுதான் பின்வரிசைப் பையன்கள் முன்னுக்கு நகர்வார்கள். அந்த மாதிரி நாடகங்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு பாத்திரம் உண்டு: வாயைக் கோணி, கையை மடக்கி, சொன்னதையே திருப்பிச் சொல்லும் 'லூசு'. அவன் வாய் திறக்க முன்னமே மண்டபம் சிரித்துவிடும். அதே மண்டபத்தில், விசேட கல்வி அலகில் படிக்கும் பிள்ளையொன்று அம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கலாம்.

அப்படியானால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைச் சுற்றி நகைச்சுவையே கூடாதா? கூடாது என்றால், சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்தவர்களை அழுகைக் காட்சிக்கு மட்டும் கூப்பிடுவதாகிவிடும்.

1977 இல் வந்த '16 வயதினிலே' படத்தை எடுத்துக்கொள்வோம். ஊரார் சப்பாணி என்று கேலி செய்பவனிடம், யாராவது அப்படிக் கூப்பிட்டால் அறைந்துவிடு என்று கதாநாயகி மயில் சொல்லிக்கொடுக்கிறாள். பிறகு மிருக வைத்தியர் அப்படிக் கூப்பிட, பளாரென்று விழுகிறது அறை. அங்கே நமக்குச் சிரிப்பு மூட்டுவது சப்பாணியின் நடை அல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்பவனிடம் படித்த மனுசன் ஒருவர் மாட்டிக்கொண்ட விதம். ஆனாலும் அந்த வேடத்தில் நின்றவர் குறைபாடு இல்லாத நடிகர் கமல்ஹாசன். சப்பாணிகளே மேடையேறினால்?

இலங்கையில் அதற்கு வழி திறந்தது சுனேரா மன்றம். பண்டாரநாயக்க தம்பதியரின் மூத்த மகள் சுனேத்திரா 2000 இல் தொடங்கியது. லண்டனில் 'அமிச்சி' நடன அரங்கக் குழுவை 1980 இல் உருவாக்கிய வொல்ஃப்காங் ஸ்டாங்கே இங்கு வந்து பயிற்சி கொடுத்தார். மாற்றுத்திறனாளி இளைஞருக்காக நாட்டின் பல இடங்களில் வாராவாரம் நாடக, நடனப் பட்டறைகள் நடந்தன.

அவுஸ்திரேலியாவின் ஜீலோங் நகரில் 1987 இல் பிறந்த, அறிவுசார் குறைபாடு உள்ள நடிகர்களைக் கொண்ட 'பேக் டு பேக்' நாடகக் குழு இன்னும் துணிச்சலானது. ஸ்வஸ்திகாவை ஹிட்லரிடமிருந்து மீட்கப் பிள்ளையார் ஜெர்மனிக்குப் போகிறார் என்பது அவர்களின் 2011 ஆம் ஆண்டு நாடகத்தின் கதை. இந்து அமைப்புகள் சில முகம் சுளித்தன. நாடகத்துக்குள்ளேயே நடிகர்கள் அந்த நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். குறைபாடு இல்லாத இயக்குநர் ஒருவர் நடிகர்களை அதட்டுகிறார். ஒரு கட்டத்தில் வெற்று இருக்கைகளைப் பார்த்து, விநோதப் பிறவிகளை வேடிக்கை பார்க்கத்தானே வந்தீர்கள் என்று வரப்போகும் பார்வையாளரைத் திட்டுகிறார். அந்த இருக்கையில் உண்மையாகவே இருப்பவருக்குச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். 2022 இல் சர்வதேச இப்சன் விருது இக்குழுவுக்குக் கிடைத்தது.

பெருவின் லீமா நகரில் ஹைமே குரூஸ் என்ற டவுன் சின்ட்ரோம் உள்ள இளைஞர், லா பிளாசா அரங்கில் பார்வையாளரை இருக்கைக்கு அழைத்துச்செல்லும் வேலை பார்த்தார். ஊழியர்கள் ஒவ்வொருவராகத் தங்களை அறிமுகம் செய்தபோது, தான் ஒரு நடிகர் என்றார். இயக்குநர் செலா தெ ஃபெராரி அதைக் காதில் போட்டுக்கொண்டார். டவுன் சின்ட்ரோம் உள்ள எட்டுப் பேர் நடித்த 'ஹாம்லெட்' அப்படித்தான் பிறந்து, 2019 இல் மேடையேறியது. அதில் ஒரு காட்சி: பின்திரையில் லாரன்ஸ் ஒலிவியேயின் பழைய ஹாம்லெட் படம் ஓடுகிறது. ஹைமே அவரை அப்படியே பார்த்துச் செய்ய மல்லுக்கட்டுகிறார். கூட நடிப்பவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குறுக்கே வருகிறார்கள், அந்த ஆளை விட்டுவிட்டு உன் பாட்டில் செய் என்று.