மங்குக்கு மருந்து மளிகைக் கடையில் இல்லை



மாடம்பாக்கத்தில் எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் வெயில் காலம் வந்தால் தவறாமல் கேட்பது, "மங்கு போகிற கிரீம் இருக்கிறதா?" என்பதுதான். கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் படரும் கருந்திட்டைத்தான் மங்கு என்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனைப் பிரதிநிதி, டஜனுக்கு இரண்டு இலவசம் என்று ஒரு டியூபைக் கொண்டுவந்தார். நாங்கள் லாபத்தைப் பார்த்தோம், லேபிளைப் பார்க்கவில்லை. சில மாதங்களில் ஒரு கடைக்காரர் தம் மனைவியையே அழைத்து வந்து காட்டினார். முதலில் வெளுத்த முகம், பூசுவதை நிறுத்தியதும் சிவந்து எரிந்து, பரு கிளம்பி, பழைய மங்கு முன்னைவிடக் கறுத்து நின்றது. தோல் டாக்டர் டியூபைப் பார்த்து, "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது" என்றாராம். மிச்சச் சரக்கை அன்றே ஒழித்தோம். பண நஷ்டம் சிறிது. அந்த அம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் எங்களால் முடியவில்லை.

ஸ்டீராய்டு கலந்த பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. மருந்து லைசென்ஸ் இல்லாத மளிகைக் கடையில் அவை இருப்பதே குற்றம்.

இன்னொரு எமன் பாதரசம். கேரளத்தில் கோட்டக்கல் டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை பார்த்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 15 பேரில் 13 பேர், முகம் வெளுக்கக் கிரீம் பூசியவர்கள். பூசியது முகத்தில், கெட்டது சிறுநீரகம்!

மங்கு அழுக்கல்ல, தேய்த்தால் போவதற்கு. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை இவற்றால் தோலில் நிறமி மிகுவதே காரணம். ஜாதிக்காய் இழைப்பதும் எலுமிச்சை தேய்ப்பதும் நம் வழக்கம். எலுமிச்சைச் சாறு பூசிய முகத்தில் வெயில் பட்டால் தோல் புண்ணாகிக் கறுப்பு கூடும். எரிச்சல் தருவது எதுவானாலும் மங்கை வளர்க்கும்.

கேட்டு வருபவர்களிடம் நாம் சொல்ல வேண்டியது இவ்வளவே: குடை பிடியுங்கள்; எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையில் பூசி, வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூசுங்கள். தோல் டாக்டரைப் பாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் செலவும் இல்லை. குணமாக மாதக் கணக்காகும். வெயிலில் அலைந்தால் திரும்பவும் வரும்.

கொள்முதலின்போது தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், சேர்மானப் பட்டியல், காலாவதித் தேதி நான்கும் பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும், பில் இல்லாமல் வந்தாலும், வாசலோடு திருப்பி அனுப்புங்கள். "ஏழே நாளில் சிவப்பு" என்ற சரக்கை நம்பவே வேண்டாம்.

எடையில் குறைத்தால் வாடிக்கையாளருக்குப் பணம்தான் நஷ்டம். இதில் முகமே நஷ்டம். தெருவில் தினம் எதிர்ப்படும் முகங்கள் அவை.