மூன்றாவது முறையும் இன்ஜின் இறங்கினால்

மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் இருக்கிறது. ஆனால் வீட்டில் எட்டுப் பேர், கூடவே தாம்பூலத் தட்டு, சாப்பாட்டுத் தூக்கு, கைக்குழந்தை என்றால் வேன்தான். ஆடித்தபசுக்கு ஒரு நடை, சீசனில் குற்றாலத்துக்கு ஒரு நடை, அவசரத்துக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரி. கடன் வாங்கி வேன் எடுத்த குடும்பத்துக்கு அது இன்னொரு பிள்ளை மாதிரி. அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி சுகமில்லாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் அறிகுறி சூட்டு முள். சாதாரணமாக நடுவில் நிற்கிற முள் மெல்ல மேலே ஏறும். ஓரங்கட்டி டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் கறுப்பாக இருக்காது, பால் விட்ட காபி நிறத்தில் இருக்கும். கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்று பொருள். "அண்ணாச்சி, ஹெட் கேஸ்கெட் போயிருச்சு" என்பார் மெக்கானிக். மாற்றுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் அதே முள், அதே காபி நிறம்.

ஏன் திரும்ப வருகிறது? இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கெட். ஆயில் ஒரு வழியிலும் கூலன்ட் ஒரு வழியிலும் போகும்படி தடுத்து வைப்பது அதன் வேலை. ஒருமுறை அதிகச் சூடு ஏறிவிட்டால் அலுமினிய ஹெட் மயிரிழை அளவுக்கு வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்யாமல் அதன் மேலேயே புதுக் கேஸ்கெட்டை வைத்து முடுக்கினால், வளைந்த இடத்தில் அது மறுபடி ஊதிக்கொள்ளும். சரி, ஹெட்டையும் நேராக்கியாயிற்று. முதலில் சூடு ஏறியதே எதனால்? ஃபேன் ஓடவில்லையா, தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டதா, ரேடியேட்டரில் உப்புப் படிந்திருக்கிறதா? அதைப் பார்க்காமல் விட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

இதில் நம் தப்பும் உண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும். கூலன்ட் குறைந்தால் பக்கத்துத் தோட்டத்து போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறோம். நம் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்க்குள் பொருக்குப் பொருக்காகப் படியும். ஆம்னி, ஈகோ மாதிரி வேன்களில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆயில் பார்க்க சீட்டைத் தூக்க வேண்டும் என்பதாலேயே பலர் பார்ப்பதில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் ஆயில் பார்க்காதவர் தலையில் கட்டிவிட முடியாது. தொழிற்சாலையிலேயே பழுதோடு பிறக்கும் இன்ஜின்களும் உண்டு. அமெரிக்காவில் ஹூண்டாய் சொனாட்டா கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் தட்டும், பிறகு இறுகி நின்றுவிடும். கிராங்க்ஷாஃப்ட்டைக் குடையும்போது உள்ளே தங்கிய உலோகத் துருவல்தான் காரணம். அது ஆயில் போகும் வழியை அடைத்தது, கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் கிடைக்கவில்லை, பேரிங் தேய்ந்தது. 2015 செப்டம்பரில் சுமார் 4,70,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதோடு முடியவில்லை. கிம் குவாங் ஹோ என்ற கொரிய இன்ஜினியர், ஹூண்டாயிலேயே வேலை பார்த்தவர், நிறுவனம் எல்லாவற்றையும் சொல்லவில்லை என்று அமெரிக்க அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். 2020-ல் ஹூண்டாய்க்கும் கியாவுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தகவல் சொன்ன கிம்முக்கு மறு வருடம் 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது.

இந்தியாவில் இதற்குப் பக்கத்தில் வரும் கதை டவேராவுடையது. நம் பக்கம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஓடிய அதே டவேரா. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா நிறுவனம் சுமார் 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைத்தது. 2005 முதல் 2013 வரை செய்த வண்டிகள் அவை. வழியில் நின்றுபோவது அங்கே பிரச்சினை இல்லை, புகை அளவுதான் பிரச்சினை. அரசுச் சோதனைக்குப் போகிற வண்டியில் மட்டும் புகை குறைவான இன்ஜினைத் தேர்ந்தெடுத்து மாட்டியிருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. நிறுவனமே அரசிடம் போய் ஒப்புக்கொண்டது, அதிகாரிகள் சிலரை வேலையை விட்டு அனுப்பியது. 2017-ல் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது.

எட்டு வருடம், ஒரு லட்சத்துக்கு மேல் வண்டிகள். ஆனாலும் இது உரிமையாளர் ஒருவருடைய புகாரால் வெளிவந்த விஷயம் இல்லை. வண்டி மக்கர் பண்ணினால் நாம் டிரைவரைத் திட்டுகிறோம், மெக்கானிக்கிடம் புலம்புகிறோம், டீக்கடையில் கம்பெனியைச் சபிக்கிறோம். எண்ணிப் பார்க்கிற இடத்தில் எதுவும் பதிவாவதில்லை.

அப்படி எண்ணிப் பார்க்கிற இடம் ஒன்று இப்போது இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு வந்தது. பழுது பயணிக்கோ சாலையில் போகிறவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யக்கூடியது என்றால், வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். முழு விலையைத் திருப்பித் தரவோ வேறு வண்டி தரவோ சொல்லவும் வழி இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் அமலில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும். புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் என்றால் அந்த எண்ணிக்கை 1,250. டீக்கடைப் புலம்பல் அந்தக் கணக்கில் சேராது.

தனி ஆளாக நியாயம் கேட்க நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். மஞ்சள் போர்டு வண்டி என்று தயங்க வேண்டாம். சுயதொழிலாக, வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் ஓட்டுகிறவரையும் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. கெடு மட்டும் இரண்டு வருடம்.

புது வண்டியே கிடைத்துவிடும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். மாருதி உத்யோக் நிறுவனத்துக்கு எதிரான கிளட்ச் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்றால் பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான், காரையே மாற்றித் தருவது இல்லை என்றது. அலைச்சலுக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நான்கு வருடம் கழித்து பியட் கார் ஒன்றின் இன்ஜின் சத்தம் பற்றிய வழக்கு வந்தது. இரு தரப்பையும் சேராத நிபுணர் ஒருவர் பார்க்கட்டும், பிறவியிலேயே உள்ள உற்பத்திக் குறை என்று அவர் சொன்னால் விலையை வட்டியோடு திருப்பிக் கொடுங்கள் என்றது அதே நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். எத்தனை தடவை பழுதாகி நின்றது என்பது மட்டும் போதாது, ஏன் நின்றது என்று காட்டவும் வேண்டும்.

அதற்கான சான்று ஷோரூம் சர்வீஸில் தருகிற ஜாப் கார்டிலிருந்தே தொடங்குகிறது. தேதி, கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை, அவர்கள் செய்த வேலை என எல்லாம் அதில் இருக்கும். ஆயில் மாற்றிய பில்களைச் சேர்த்து வைத்தால் "நீங்க சரியா ஆயில் மாத்தல" என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். கழற்றிய கேஸ்கெட்டையும் பேரிங்கையும் கேட்டு வாங்குங்கள், குறைந்தபட்சம் போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை அதே பழுது வந்ததுமே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பிவிடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

சர்வீஸ் கவுன்டரில் இருக்கிற தம்பி அவசரத்தில் ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுதி உங்களிடம் நீட்டுவார். கையெழுத்துப் போடாதீர்கள். "இன்ஜின் சூடாகி நின்றது, மூன்றாவது முறை" என்று எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு போடுங்கள்.