உங்கள் அப்பா தாத்தாவின் தேர்வில் தேறுவாரா?

மாணவர்களே, பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். ஐந்து கேள்விகள், ஐந்து நிமிடம்.

1. இரண்டே முக்கால் காத்தி மீன் எத்தனை தாஹில்?
2. இரண்டரை கந்தாங் அரிசி எத்தனை சுப்பாக்?
3. ஒரு கலம் நெல் எத்தனை நாழி?
4. பழைய ஒரு ரூபாயில் அரைக்கால் பங்கு எத்தனை அணா?
5. ஒரு மாவையும் ஒரு காணியையும் கூட்டினால் என்ன வரும்?

முதல் இரண்டும் நம் நாட்டில் கடையிலும் சந்தையிலும் புழங்கிய அளவைகள். மற்ற மூன்றும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சிறுவர்கள் படித்த கணக்கு. நீங்கள் எழுதிய பிறகு, இதே கேள்விகளை வீட்டில் அப்பா அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள். பட்டம் பெற்றவர்களும் இரண்டாவது கேள்வியைத் தாண்டுவது சிரமம்.

விடைகளைப் பார்ப்போம். ஒரு காத்திக்கு 16 தாஹில், ஆகவே முதல் விடை 44. ஒரு கந்தாங் என்பது 4 சுப்பாக். இரண்டாவது விடை 10. ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி. மூன்றாவது விடை 96. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. நான்காவது விடை 2 அணா. ஐந்தாவது விடை மாகாணி.

எத்தனை மதிப்பெண்? குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். அந்தக் காலத்துப் பிள்ளைகளைவிட நமக்கு மூளை குறைவு என்று இதற்குப் பொருளா? இதை அறிவியல் முறையில் ஆராய்ந்து பார்க்கலாம்.

திண்ணையில் நடந்த தேர்வு

ஐந்தாவது கேள்வியை இன்னொரு முறை பாருங்கள். மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. நீங்கள் இதை 1/20 + 1/80 என்று எழுதி, பகுதி எண்ணைச் சமமாக்கி, 4/80 + 1/80 = 5/80 என்று கூட்டி, சுருக்கி 1/16 என்று விடை காண்பீர்கள். நான்கு படிகள். பழைய மாணவனுக்கு அந்தப் பின்னத்தின் பெயரே விடையைச் சொல்லிவிடும்: மா, காணி, இரண்டும் சேர்ந்தால் மாகாணி. அதற்கு வீசம் என்ற பெயரும் உண்டு.

இப்படி முந்திரி (320இல் ஒரு பங்கு) தொடங்கி முக்கால் வரை ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர் இருந்தது. எண்சுவடி என்ற ஓலைச் சுவடியில் இவற்றின் வாய்ப்பாடுகள் இருந்தன. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள், பிறகு ஓலைக்குப் போனார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை கேட்பான், மற்றவர்கள் சொல்வார்கள். தேர்வு என்று தனியாக ஒரு நாள் வைக்க வேண்டிய தேவை இல்லை. ஒவ்வொரு நாளும் தேர்வுதான்.

பள்ளியை விட்டதும் அந்தக் கணக்கு அவர்களுடன் வீட்டுக்கும் களத்துக்கும் போனது. நெல் அளக்க, கூலி பிரிக்க, வட்டி பார்க்க, நிலத்தின் பரப்பைச் சொல்ல, எல்லாவற்றுக்கும் அதே பெயர்கள், அதே வாய்ப்பாடு.

பிறகு அளவைகள் மாறின. இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 பைசா வந்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து கிலோகிராமும் லிட்டரும் படிப்படியாக இடம்பிடித்தன. அளவை போனதும் அதன் கணக்கும் போனது.

நான் வசிக்கும் திரிங்காப்பில் இரு பக்க மலைச்சரிவிலும் காய்கறித் தோட்டங்கள். அதற்கு மேலே தேயிலை. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே “நாற்பத்து நாலு” என்றார். “எப்படி ஐயா?” என்றதற்கு, “மூணு காத்திக்கு நாற்பத்தெட்டு, கால் காத்தி போனா நாலு குறையும். இதுல என்ன டீச்சர் இருக்கு?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “நான் படிக்காதவன்” என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உலகெங்கும் இதே கேள்வி

அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தின் புல்லிட் கவுண்டியில் 1912-ஆம் ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய தேர்வுத்தாள் ஒன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதவையும் சன்னல்களையும் கழித்துவிட்டு ஓர் அறையின் சுவர்களுக்கு வெள்ளையடிக்க எவ்வளவு செலவாகும் என்று ஒரு கேள்வி. இங்கிலாந்திலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக மணிலாவுக்குப் போகும் கப்பல் எந்தெந்த நீர்ப்பரப்புகளைக் கடக்கும் என்று இன்னொரு கேள்வி. இந்தத் தாளைப் பார்க்கும் இன்றைய பெரியவர்கள் பலர், “அந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே, நாம் எங்கே!” என்று திகைக்கிறார்கள்.

ஆனால் இதற்கு நேர் எதிரான சான்றும் உண்டு. நியூசிலாந்தில் பணியாற்றிய ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1987-ஆம் ஆண்டு 14 நாடுகளின் நுண்ணறிவுத் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டார். ஒவ்வொரு தலைமுறையும் முந்திய தலைமுறையைவிட அதிக மதிப்பெண் பெற்றிருந்தது. பத்து ஆண்டுக்குச் சுமார் 3 புள்ளி உயர்வு. இதை ஃபிளின் விளைவு என்கிறோம். அப்படியானால் நம் கொள்ளுத்தாத்தாக்கள் மந்தமானவர்களா? அதுவும் இல்லை. உயர்வு எல்லாப் பகுதியிலும் ஒரே அளவில் இல்லை. வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது, இரு பொருள்களின் பொதுத்தன்மையைச் சொல்வது போன்றவற்றில் உயர்வு மிக அதிகம். கணக்கிலும் சொல்வளத்திலும் பிள்ளைகளின் உயர்வு மிகக் குறைவு.

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1930-களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய் ஒரு கேள்வி கேட்டார். பனி நிறைந்த தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்குள்ள கரடிகள் என்ன நிறம்? பள்ளிக்குப் போகாத பலர் பதில் சொல்ல மறுத்தார்கள். பார்க்காத ஒன்றைப் பற்றி எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதம். வயலிலும் சந்தையிலும் ஏமாறாத மனிதர்கள் அவர்கள். ‘இப்படி வைத்துக்கொள்வோம்’ என்று தொடங்கும் கேள்வி மட்டும்தான் அவர்களுக்குப் பழக்கமில்லை. உங்களுக்கோ, படிவம் ஒன்று முதலே அதுதான் பழக்கம்.

இதிலிருந்து தெரிவது இதுதான். ஒரு தேர்வுத்தாள், அந்தச் சமுதாயம் நாள்தோறும் எதைப் பழகியதோ அதையே அளக்கிறது.

மறதியின் கணக்கு

ஆனால் ஒரு சந்தேகம் எழும். அப்பா படித்த பாடத்தையே கேட்டாலும் அவர் திணறுகிறாரே? இருபடிச் சமன்பாடு அவர் காலத்திலும் இருந்ததுதானே?

வில்லியம் கேமரன் நம் மலைப்பகுதியை நில அளவை செய்தது 1885-ஆம் ஆண்டு. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் மறதியை அளந்து ஒரு நூல் வெளியிட்டார். சோதனைக்கு ஆள் அவரேதான். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்வார். சில மணி நேரம் அல்லது சில நாள் கழித்து அதே பட்டியலை மறுபடி படிப்பார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ, அந்த அளவு மனத்தில் தங்கியிருக்கிறது என்று கொண்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் எஞ்சியது சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு. முதலில் வேகமாகச் சரிந்து, பிறகு மெதுவாகச் சரியும் கோடு அது.

அசைகளுக்குப் பதிலாகப் பள்ளிப் பாடத்தையே எடுத்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக். 1991-இல் அவரும் லிண்டா ஹாலும் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பள்ளி இயற்கணிதத்தில் தேர்வு வைத்தார்கள். சிலர் பள்ளியை விட்டு 50 ஆண்டு ஆகியிருந்தது. பள்ளிக்குப் பிறகு நுண்கணிதம் வரையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 50 ஆண்டுக்குப் பிறகும் இயற்கணிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பள்ளியில் அதே அளவு நல்ல மதிப்பெண் பெற்று, ஆனால் அதோடு கணக்கை விட்டவர்கள், கண்ணை மூடிக்கொண்டு விடையைத் தேர்ந்தவர்களின் அளவுக்கே இறங்கியிருந்தார்கள்.

பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கினாரா என்பதைவிட, பல ஆண்டுகளாக இடைவெளி விட்டு அந்தப் பாடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாரா என்பதுதான் அதிக வேறுபாட்டைத் தந்தது. திரிங்காப்பின் முதியவருக்குத் தாஹில் கணக்கு ஏன் மறக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா? மீன்காரரும் காய்கறிக்காரரும் நாற்பது ஆண்டு அவருக்குத் தேர்வு வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

யார் எழுதினார்கள் என்று கேளுங்கள்

பழைய தேர்வைப் புகழும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. சாதியின் பேரால் திண்ணையை நெருங்கவே விடப்படாத பிள்ளைகளும் ஏராளம்.

மலாயாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளியை அமைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓர் அறையும் ஓர் ஆசிரியரும்தான். சில ஆண்டுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள்.

பழைய தேர்வில் தேறியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. தேர்வு எழுதவே வாய்ப்பில்லாதவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுவதையும் மதிப்பிடுவதை அறிவியலில் தேர்ந்தெடுப்புப் பிழை என்பார்கள். “அந்தக் காலத்துப் படிப்பே படிப்பு” என்று யாராவது சொன்னால், “எத்தனை பேர் படித்தார்கள், தாத்தா?” என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பாட்டி தம்மைப் படிக்காதவள் என்று சொல்வதற்கான காரணமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

உங்கள் மேசைக்கு வருவோம்

யுபிஎஸ்ஆர் 2021-இலும் பிடி3 2022-இலும் நிறுத்தப்பட்டன. உங்களில் பலருக்கு எஸ்பிஎம் மிகப் பெரிய தேர்வாக முன்னால் நிற்கிறது. அதற்குத் திண்ணைப் பள்ளி ஒரு பாடம் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்தபின், தாளை மூடி, நினைவில் உள்ளதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னிலை: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 42, மூடி வைத்து எழுதியவர்கள் 56.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது ‘எல்லாம் தெரிகிறது’ என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. நினைவிலிருந்து தேடி எடுக்கும் முயற்சிதான் பாடத்தை நிலைக்க வைக்கிறது. சட்டாம்பிள்ளை கேட்டதும் சிறுவர்கள் சொன்னதும் இதே முயற்சிதான். பொருள் புரியாமல் ஒப்பித்தது அதன் குறை. நீங்கள் புரிந்துகொண்டு அதைச் செய்யலாம்.

மூன்று செயல்கள் போதும்.

ஒன்று, பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவில் வந்ததை எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள்.

இரண்டு, அதையே மறுநாளும், ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும் செய்யுங்கள். எபிங்ஹாஸின் கோடு சரியும் இடங்களில் நீங்கள் அதைத் தூக்கிவிடுகிறீர்கள்.

மூன்று, படித்ததைப் பயன்படுத்துங்கள். சந்தையில் கீரைக்கட்டின் விலையைக் கிலோவுக்கு மாற்றிப் பாருங்கள். மின் கட்டணச் சீட்டைப் பார்த்து, குளிர்பெட்டி ஒரு மாதத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று கணக்கிடுங்கள்.

வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால், அவர் செய்த வேலையிலிருந்து ஐந்து கணக்குகள் கேட்டு எழுதி வாருங்கள். வகுப்பில் அந்தத் தாளை நண்பர்களிடம் கொடுங்கள். யார் ‘படித்தவர்’ என்பதை மதிப்பெண் சொல்லட்டும்.

இப்போது இந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். மா, காணி, மாகாணி மூன்றும் எத்தனையில் எத்தனை பங்கு? ஒரு காத்திக்கு எத்தனை தாஹில்? சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் இதழ் கைக்கு வந்ததும், அதைத் திறக்கும் முன் இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.